10 மீட்டர் ஒட்டுத்தாள், 13 முகப்புகள்

சமையலறை அலமாரிக் கதவைத் திறந்தபோது விரல் லேசாக ஒட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு கையகலத்துக்குப் பழுப்பேறிக் கிடந்தது. வெள்ளைப் பெயிண்ட் எங்கே முடிகிறது, பிசுக்கு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. புதுக் கதவுகள் போட எவ்வளவு ஆகும் என்று விசாரித்தேன். சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, அதில் ஒரே ஒரு கதவுக்கான பங்கை வைத்து மொத்த வேலையையும் முடித்துவிட முடியுமா என்று பார்க்கத் தீர்மானித்தேன். முடிந்தது. அதற்குள் இரண்டு கதவுக்கான தாள் குப்பைக்குப் போனது வேறு கதை.

ஒட்டுத்தாள் என்று நான் சொல்வது, பின்பக்கம் பசையோடு சுருளாக வரும் பி.வி.சி. தாளை. காண்டாக்ட் பேப்பர், வினைல் ஷீட், ஸ்டிக்கர் ஷீட் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். உரி, ஒட்டு, முடிந்தது என்பதுபோல உறையில் படம் போட்டிருக்கும். எனக்கு ஐந்து நாள் ஆனது. அதில் கதவுகளில் தாளை ஒட்டிய நேரம் இரண்டு நாள்கூட வராது.

முதலில் கணக்கு. என் கீழ்க் கதவுகள் 40 செ.மீ. அகலம், 70 செ.மீ. உயரம். 45 செ.மீ. அகலச் சுருள் தாராளம் என்று நினைத்து, எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று 2 மீட்டர் மட்டும் வாங்கி வந்தேன். கதவின் மேல் விரித்துப் பார்த்தபோதுதான் புத்தி வந்தது. பலகையின் கனம் 1.8 செ.மீ. இரண்டு பக்க விளிம்பையும் மூட 3.6 வேண்டும். விளிம்போடு வெட்டி நிறுத்தினால் துடைக்கும்போதெல்லாம் துணி அங்கேதான் மாட்டும், தாளும் அங்கிருந்துதான் கிளம்பும். அதனால் பின்பக்கம் பக்கத்துக்கு 2 செ.மீ.யாவது மடிக்க வேண்டும், அது ஒரு 4. ஆக மொத்தம் 47.6. 2.6 செ.மீ. குறைகிறது! அந்த 2 மீட்டரை அலமாரியின் உள்தட்டுகளில் விரித்துவிட்டேன்.

60 செ.மீ. அகலச் சுருளில் மறுபடி கணக்குப் போட்டேன். கீழ்க் கதவு ஆறு, ஒவ்வொன்றுக்கும் 77.6 செ.மீ. நீளம். மேல் கதவு நான்கு, உயரம் 60 என்பதால் ஒவ்வொன்றுக்கும் 67.6. இழுப்பறை முகப்பு மூன்று, உயரம் 18, தாள் 25.6. கூட்டினால் 812.8 செ.மீ. எனவே 10 மீட்டர் சுருள் ஒன்று போதும், 187.2 செ.மீ. மிச்சம். இரண்டு கதவு கெட்டால் தாங்கும், மூன்று கெட்டால் தாங்காது. இதைச் சுருளின் உறை மேலேயே பேனாவால் எழுதி வைத்தேன். வேலை முழுக்க அந்த 187 என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டு சுருளாகப் பிரித்து வாங்காமல் ஒன்றாக வாங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேறு வேறு தடவை தயாரான சுருள்களில் நிறம் ஒரு நூல் மாறலாம். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது, பக்கத்துப் பக்கத்துக் கதவில் ஒட்டினால் தெரியும். டிசைன் எதுவும் வேண்டாம் என்று மங்கலான சாம்பல் பச்சையில் வெற்றுத் தாளாக எடுத்தேன். மரவரி போட்டதென்றால் எல்லாத் துண்டிலும் வரி ஒரே திசையில் ஓட வேண்டும், பளிங்கு டிசைன் என்றால் கதவுக்குக் கதவு கோடு பொருந்த வேண்டும், இரண்டிலும் தாள் கூடுதலாகச் செலவாகும். பளபளப்பான தாள் இன்னும் மோசம். அடியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் விளக்கு வெளிச்சத்தில் பரு மாதிரி காட்டிக்கொடுக்கும்.

முதல் நாள் கதவுகளைக் கழற்றினேன். மாட்டியபடியே ஒட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். ஓரங்களை ஒழுங்காக மடிக்க வேண்டுமென்றால் கழற்றத்தான் வேண்டும். ஒவ்வொரு கதவின் பின்னாலும் ஒரு துண்டு டேப்பில் எண் எழுதி ஒட்டினேன். கீல் திருகுகளை எண் போட்ட சின்ன டப்பாக்களில் போட்டேன். ஒரு வரிசைக் கதவெல்லாம் ஒரே அளவுதானே, எதற்கு எண் என்று தோன்றும். கீல் துளைகள் ஒரு மி.மீ. முன்னே பின்னே இருக்கும், மாற்றி மாட்டினால் கதவு கோணிக்கொண்டு நிற்கும்.

அப்புறம் கழுவல். இந்த வேலையின் பெரும்பகுதி இதுதான். சமையலறையில் ஆவியோடு பறக்கும் எண்ணெய் கதவில் படிந்து, காற்றுப் பட்டுப் பட்டுக் கெட்டிப்பட்டு, கிட்டத்தட்ட வார்னிஷ் மாதிரி ஆகிவிடுகிறது. வெறும் சோப்புத் தண்ணீரில் துடைத்தால் மேலே இருக்கும் தூசி போகும், அடியில் இருக்கும் அந்தப் படலம் போகாது. தாளின் பசை அந்தப் படலத்தில்தான் ஒட்டும். படலம் பலகையை விட்டு நழுவும்போது தாளும் கூடவே வரும், நாம் தாளைத் திட்டுவோம்.

ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கலந்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, பிழிந்த துணியால் துடைத்தேன். முதல் துடைப்பில் துணி மஞ்சளாக வந்தது. மூன்றாவதில்தான் வெளுப்பாக வந்தது. அதற்குப் பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு தடவை, ஏனென்றால் சோடா மிஞ்சிக் காய்ந்தால் அதுவே வெள்ளைப் பொடியாக நின்று பசையைக் கெடுக்கும். கைப்பிடிகளை மட்டும் இந்தத் தண்ணீரில் போடவில்லை. அவை அலுமினியம், சோடா பட்டால் கறுத்துவிடும். அவற்றுக்குச் சோப்பே போதும்.

துணி பிழிந்துதான் இருக்க வேண்டும், சொட்டச் சொட்டக் கூடாது. என் கதவுகள் எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. பெயிண்ட் உடைந்த இடத்தில் தண்ணீர் இறங்கினால் பிஸ்கட் மாதிரி ஊதும். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் கதவின் அடிவிளிம்பு ஏற்கெனவே அப்படித்தான் உப்பிக் கிடந்தது.

இரவு முழுக்கக் காயவிட்டு, மறுநாள் காலையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ற, சீக்கிரம் ஆவியாகும் திரவத்தால் ஒரு கடைசித் துடைப்பு. எளிதில் தீப்பற்றும் சரக்கு என்பதால் சன்னல் எல்லாம் திறந்து, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் செய்தேன். துடைத்த பிறகு விரலால் தேய்த்தால் கீச்சென்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராமல் வழுக்கினால் பிசுக்கு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு சோதனை, டேப் சோதனை. நல்ல பிடிப்புள்ள டேப்பைக் கதவில் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். பெயிண்ட் கையோடு வந்தால் அந்தக் கதவு தாளுக்குத் தயாராக இல்லை. பன்னிரண்டு முகப்புகளுக்கு இதைச் செய்தேன். பதின்மூன்றாவது, சன்னலை ஒட்டி இருந்த கீழ்க் கதவு. அடுப்பிலிருந்து தள்ளி இருந்ததால் பிசுக்கே இல்லை, இருந்ததிலேயே அதுதான் சுத்தமாக இருந்தது. இதற்கு எதற்குச் சோதனை என்று விட்டுவிட்டேன். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் பட்டி பார்த்தேன். சொட்டை, கீறல், பழைய திருகுத் துளை எல்லாவற்றிலும் மரப்பட்டி அடைத்து, காய்ந்ததும் 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, 220 எண்ணால் மழமழப்பாக்கினேன். ஒட்டுத்தாள் மிக மெல்லியது. அடியில் பள்ளம் இருந்தால் மேலேயும் பள்ளம்தான். தொட்டிக்குக் கீழே இருந்த கதவின் உப்பிய விளிம்பை மற்ற இடத்தின் மட்டத்துக்கு வரும்வரை தேய்த்தேன். அங்கே பலகையின் உள்நார் வெளியே தெரிந்தது. அப்படி வெறும் பலகை தெரியும் இடத்தில் பசை நிற்காது, தூளைத்தான் பிடித்துக்கொள்ளும். ஒரு கோட் பிரைமர் அடித்துக் காயவிட்டேன்.

அன்று சாயங்காலமே பொறுக்க முடியாமல் ஒரு மேல் கதவை எடுத்து ஒட்டிப் பார்த்தேன். என் கீழ்க் கதவுகள் வெற்றுப் பலகை. மேல் கதவுகளில் அழகுக்காக 3 மி.மீ. ஆழத்தில் குறுக்கே ஒரு காடி, அதாவது கோடுபோல் ஒரு பள்ளம், ஓடும். காடி வந்த இடத்தில் ஹேர் டிரையரால் சூடு காட்டினேன். தாள் இளகி, விரல் நகத்தால் அழுத்த அழுத்த உள்ளே இறங்கிக் கச்சிதமாக உட்கார்ந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

காலையில் பார்த்தால் காடி காணோம். அதன் மேல் தாள் மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக நின்றது. இந்தத் தாளுக்கு நினைவாற்றல் உண்டு. சூட்டில் இழுத்து நீட்டினால் நீளும், ஆனால் தன் பழைய அளவை மறக்காது, ஆறியதும் அதற்கே திரும்பப் பார்க்கும். குறுகலான பள்ளத்தில் பசைக்கு இருக்கும் இடம் கொஞ்சம், தாளின் இழுப்பு அதிகம். இழுப்புதான் ஜெயிக்கும். உரித்து எடுத்தேன். 67.6 போனது. சுருள் உறையில் 187.2ஐ அடித்து 119.6 என்று எழுதினேன்.

காடிக்குத் தீர்வு, காடியே இல்லாமல் செய்வதுதான். நான்கு கதவிலும் காடியைப் பட்டியால் நிரப்பினேன். ஒரே தடவையில் அடைத்தால் காயும்போது நடுவில் குழி விழும் என்பதால் இரண்டு தடவையாக அடைத்துத் தேய்த்தேன். கதவு வெறும் பலகை ஆனது. எனக்கு அது பிடித்தும் போனது. சட்டம் வைத்து நடுவில் பள்ளமாக இருக்கும் கதவுகளுக்கு இந்த வழி ஆகாது. நடுப்பலகைக்கு ஒரு துண்டு, சட்டத்துக்கு நான்கு பட்டைகள் என்று தனித்தனியாகத்தான் ஒட்ட வேண்டும். அப்படிக் கதவு இருந்தால் நான் பெயிண்ட் அடிப்பதையே தேர்ந்தெடுப்பேன்.

மூன்றாம் நாள் கீழ்க் கதவுகள். தம்பி உதவிக்கு வந்தான். தரையில் ஒரு பழைய துண்டை விரித்துக் கதவை மல்லாக்க வைத்தோம். பசையை மூடியிருக்கும் பின்தாளில் கட்டம் போட்டிருக்கும், அதைப் பார்த்து வெட்டினால் ஸ்கேல்கூடப் பெரிதாகத் தேவைப்படாது. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். பின்தாளை உரித்ததும் தாள் தூசியையும் தலைமுடியையும் எங்கிருந்தோ இழுத்துக்கொள்ளும்.

மொத்தப் பின்தாளையும் ஒரேயடியாக உரிக்கவே கூடாது. மேலே ஐந்தாறு செ.மீ. மட்டும் உரித்து, நேர் பார்த்து, நடுவில் தொட்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் தேய்க்க வேண்டும். அது உட்கார்ந்த பிறகு ஒரு கை பின்தாளை அடியில் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும், இன்னொரு கை மேலே தேய்த்துக்கொண்டே வரும். தேய்க்க ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையில் மெல்லிய துணி சுற்றி வைத்திருந்தேன். அட்டையை அப்படியே தேய்த்தால் மங்கல் தாளில் கோடு விழும். இந்தப் பசை காய்ந்து பிடிப்பது இல்லை, அழுத்தத்தில் பிடிப்பது. லேசாகத் தடவிவிட்டால் பாதிப் பிடிப்புத்தான். முழுப் பிடிப்பு வர ஒன்றிரண்டு நாள் ஆகும், அதுவரை ஈரத்துணி வைக்காமல் இருப்பது நல்லது.

முதல் இரண்டு கதவுகள் அருமையாக வந்தன. மூன்றாவதில் தாள் கொஞ்சம் விறைப்பாக நின்றது. பார்த்தால் தம்பி கீழ் முனையைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறான்.

“ஏன்டா இப்படி இழுக்கிறே?”

“சுருக்கம் விழக் கூடாதுல்ல அக்கா, அதான்.”

போர்வை மடிக்கிற பழக்கம். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அதற்கு முந்தைய நாள் சூடு காட்டி இழுத்தது நான்தானே. முனையைச் சும்மா தாங்கிப் பிடித்தால் போதும் என்று சொன்னேன். ஆனால் அந்த மூன்றாவது கதவில் தாள் இழுத்தபடியே ஒட்டிவிட்டது. சாயங்காலம் பின்பக்க மடிப்பு இரண்டு இடத்தில் எழும்பிவிட்டது. ஹேர் டிரையரால் மடிப்பை நன்றாகச் சூடாக்கி, ஆறும்வரை கையால் அழுத்திப் பிடித்த பிறகு அடங்கியது. மடித்த ஓரங்களுக்கும் மூலைகளுக்கும் இப்படிக் கடைசியாக ஒரு சூடு காட்டுவதை அதற்குப் பிறகு எல்லாக் கதவுக்கும் செய்தேன். சுவர் பெயிண்ட் உரிக்கும் ஹீட் கன் வேண்டாம், அது தாளைச் சுருட்டிவிடும்.

ஐந்தாவதாக அந்தச் சன்னல் கதவு. மேல் பாதி நன்றாக உட்கார்ந்தது, நடுவில் ஒரு மடிப்பு விழுந்தது. பெரிய விஷயமில்லை, மடிப்பு வரை திரும்ப உரித்து மறுபடி ஒட்டலாம், இந்தப் பசை முதல் சில நிமிடங்களுக்கு அதை அனுமதிக்கும். உரித்தேன். தாளோடு பெயிண்டும் வந்தது, செதில் செதிலாக, உள்ளங்கை அளவுக்கு. பசை முழுக்க வெள்ளைத் துகள். வருடக்கணக்காக வெயில் பட்டு அந்தப் பெயிண்ட் சுண்ணாம்புபோல உலர்ந்து, பலகையில் சும்மா நின்றுகொண்டிருந்திருக்கிறது. ஒரு துண்டு டேப் காட்டிக்கொடுத்திருக்கும். 77.6 போனது. மிச்சம் 42.

தம்பி எதுவும் பேசாமல் சுருள் உறையை எடுத்து அவனே எழுதி வைத்தான்.

அந்தக் கதவின் பெயிண்ட்டை முகமூடி போட்டுக்கொண்டு சுரண்டி, தேய்த்து, பிரைமர் அடித்து, நான்காம் நாள் மேல் கதவுகளோடு சேர்த்து ஒட்டினேன். உங்கள் அலமாரி மிகப் பழையது என்றால் தேய்ப்பதற்கு முன் யோசியுங்கள். பழைய பெயிண்ட்டுகளில் ஈயம் இருந்திருக்கலாம், அந்தத் தூசியை வீட்டுக்குள் கிளப்பக் கூடாது.

மூலை மடிப்பது புத்தகத்துக்கு அட்டை போடுவது மாதிரிதான், ஒரு வித்தியாசத்தோடு. புத்தக அட்டையில் மூலைத்தாளை உள்ளே திணித்துவிடலாம், இங்கே திணித்தால் குமிழ்போல் தடிக்கும். மேல் மடிப்பையும் கீழ் மடிப்பையும் முதலில் மடித்தேன். மூலையைத் தாண்டி 3 மி.மீ. நாக்கு மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டினேன். அந்த நாக்கைப் பக்கவாட்டு விளிம்பில் படியவைத்து, பக்க மடிப்பை அதன்மேல் ஏற்றினேன். நாக்கு விடாமல் சரியாக மூலையோடு வெட்டினால் பலகை ஊசிமுனை அளவுக்குக் கண்ணில் படும். முதல் கதவில் பட்டது, இன்றும் படுகிறது. கட்டர் பிளேடின் முனையை மூன்று கதவுக்கு ஒருமுறை உடைத்துவிட்டேன். மழுங்கிய பிளேடு தாளை வெட்டாது, பிய்க்கும்.

பின்பக்கம் மடித்த தாள் கீல் உட்காரும் 35 மி.மீ. வட்டக் குழியின் மேல் வந்து மூடியது. குழி கதவின் ஓரத்துக்கு அவ்வளவு நெருக்கம். குழியின் உள்விளிம்பைப் பிடித்துக்கொண்டே கத்தியை ஓட்டி அந்தப் பகுதியை எடுத்தேன். கைப்பிடித் துளைக்கு உள்பக்கத்திலிருந்து ஊசியால் குத்தி இடம் கண்டுபிடித்து, முன்பக்கம் சின்னதாகப் பெருக்கல் குறி கீறினால் போதும், திருகு தன் வழியைப் பார்த்துக்கொள்ளும்.

காற்றுக் குமிழ்கள் வரத்தான் செய்யும். பெரியதென்றால் ஓரத்தில் குண்டூசியால் சாய்வாகக் குத்தி, தள்ளி வெளியேற்றினேன். மிளகளவுக் குமிழ்களை ஒன்றும் செய்யவில்லை. ஒரு வாரத்தில் தாமாகவே அடங்கின.

60 செ.மீ. சுருளில் 47.6 போக, ஒவ்வொரு துண்டிலும் 12.4 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை மிஞ்சியது. அவற்றைத் தூக்கிப் போட்டிருந்தால் வேலை பாதியில் நின்றிருக்கும். கதவுகளை மாட்டிப் பார்த்தபோது கதவுக்கும் கதவுக்கும் நடுவே அலமாரிச் சட்டத்தின் பழைய வெள்ளை விளிம்பு பல்லிளித்தது. ஐந்தாம் நாள் முழுக்க அந்தப் பட்டைகளை நறுக்கிச் சட்டத்தின் விளிம்புகளில் ஒட்டினேன். கதவு மூடியிருக்கும்போது யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கப்போவதில்லைதான், ஆனால் இது இல்லாமல் மேலே போர்வை போர்த்திய மாதிரி இருந்தது.

ஒரு இடத்தை வேண்டுமென்றே ஒட்டாமல் விட்டேன். அடுப்புக்கு நேர் பக்கத்தில் இருக்கும் பக்கவாட்டுப் பலகை. பி.வி.சி. சூட்டுக்கு இளகும், சுருங்கும், நெருப்புக்குப் பக்கத்தில் அதற்கு வேலையில்லை. அந்தப் பலகை இன்னும் பழைய வெள்ளைதான். சாம்பல் பச்சைக்குப் பக்கத்தில் அது திட்டம்போட்டு விட்டது மாதிரியே இருக்கிறது.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. கீழ்க் கதவுகளில் பிசுக்கு ஏறுகிறது, ஆனால் ஈரத்துணியில் போய்விடுகிறது. தம்பி இழுத்த மூன்றாவது கதவின் மடிப்பு ஒருமுறை மறுபடி எழும்பியது, மறுபடி சூடு காட்டினேன். தொட்டிக்கீழ்க் கதவின் அடிவிளிம்பை வாரத்துக்கு ஒருமுறை தடவிப் பார்க்கிறேன். இதுவரை சரி.

கெட்டது ஒரே இடம். மேல் கதவு ஒன்றின் கீழே கெட்டில் வைத்திருந்தேன். தினமும் இரண்டு வேளை அதன் ஆவி நேராகக் கதவின் அடியில் அடித்தது. மூன்றாம் மாதம் அடிவிளிம்பில் தாள் வாய் திறந்தது. கவனிக்காமல் சில நாள் விட்டதால் பசையில் தூசி ஏறிவிட்டது, சூடு காட்டியும் பிடிக்கவில்லை. கெட்டிலைச் சன்னல் பக்கம் மாற்றினேன். கதவின் அடியிலிருந்து 3 செ.மீ. தாளை ஸ்கேல் வைத்து நேராக வெட்டி எடுத்து, பலகையைத் துடைத்து, மிச்சமிருந்த 42 செ.மீ.யிலிருந்து ஒரு பட்டை வெட்டி, இணைப்பு மேல்தாளோடு முட்டுகிற மாதிரி பார்த்துப் பார்த்து ஒட்டினேன்.

அடுத்த முறை தம்பி வந்தபோது, எந்தக் கதவில் ஒட்டுப் போட்டிருக்கிறேன் கண்டுபிடி பார்க்கலாம் என்று சவால் விட்டேன்.

“இதோ, இதுதானே அக்கா?” என்று, நேராகப் போய் விரல் வைத்துக் காட்டிவிட்டான்.